டப்பா காலியாகிக்கொண்டுதான் இருந்தது

லோகப்பிரியாவுக்குச் சரிபார்ப்பதுதான் உத்தியோகம். மலுமிச்சம்பட்டிப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் பதினோரு வருடமாக இருக்கிறாள். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் சக்கரம் தினமும் இருநூறு அவள் கையைத் தாண்டித்தான் அடுத்த மேஜைக்குப் போகும். கேஜ் வைத்து அளவு பார்த்து, துளி பிசகியிருந்தாலும் சிவப்பு சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து ஓரமாகத் தள்ளிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கிருபாசங்கரோ எதையும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத மனுஷன்.

கிணத்துக்கடவுக்கு மேற்கே அவருக்குச் சொந்தமாக ஒரு நார் மில். தேங்காய் மட்டையை அடித்து நாராக்கி, வெயிலில் காயவைத்து, கட்டுக்கட்டாக லாரி ஏற்றுகிற தொழில். வீட்டுக்கும் மில்லுக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்புதான். மெஷினில் எது உடைந்தாலும் அதற்கான பாகத்தை வாங்கி மாட்டுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. கம்பியை வளைத்து, சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டி, எப்படியாவது ஓட்டிவிடுவார். கேட்டால், "ஓடுதல்ல, அப்புறமென்ன?" என்பார். பதினைந்து வருடக் குடித்தனத்தில் லோகப்பிரியா இந்தப் பதிலை ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பாள்.

நாற்பத்திரண்டு வயதில் அவருக்கு இழுப்பு வந்தது. மட்டைத் தூசிதான் காரணம் என்று எல்லாரும் சொன்னார்கள். கோயமுத்தூரில் நெஞ்சு டாக்டர் ஒருவரைப் போய்ப் பார்த்தார். லோகப்பிரியாவுக்கு அன்று கம்பெனியில் ஆடிட். அதனால் அவர் மட்டும்தான் போனார். திரும்பி வந்து ஒரே மூச்சில் விஷயத்தை முடித்துவிட்டார். ஆஸ்துமாவாம். நீலப் பம்பு மூச்சு முட்டும்போது வாயில் அடிக்கிறதாம். காப்ஸ்யூல் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, இழுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் எடுக்க வேண்டுமாம். அவ்வளவுதான்.

பையில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மெஷினும் இருந்தது. காப்ஸ்யூலை அதற்குள் போட்டுத் திருகினால் அது பிளந்து பொடி கொட்டும், அந்தப் பொடியை வாயால் இழுக்க வேண்டும் என்று அட்டையில் படம் போட்டிருந்ததை லோகப்பிரியாவே பார்த்தாள். முதல் நாள் வீட்டில் வைத்து இழுத்தபோது பொடி தொண்டையில் அடித்து அவர் கண்ணில் தண்ணீர் வர இருமினார். மகள் அக்ஷயா பயந்து அழுதுவிட்டாள். மறுநாளே மெஷினையும் மருந்து டப்பாவையும் மில் ஆபீஸ் ரூமுக்குக் கொண்டுபோய்விட்டார். பிள்ளை முன்னால் வேண்டாம், அங்கேயே இழுத்துக்கொள்கிறேன் என்றார். நியாயமாகத்தான் பட்டது.

முதல் தொல்லை காங்கேயத்திலிருந்து வந்தது. அங்கே எண்ணெய் மில் வைத்திருக்கிற பாலுசாமி, கிருபாசங்கருக்குப் பங்காளி முறை. ஒருநாள் மில்லுக்கு வந்தவர் டப்பாவைக் கையில் எடுத்து மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் படித்துவிட்டு, இது ஸ்டீராய்டு, மூஞ்சி ஊதிப்போகும், எலும்பெல்லாம் உளுத்துப்போகும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கிருபாசங்கர் அன்றோடு நிறுத்திவிட்டார். பதினைந்து நாளில் படி ஏற முடியவில்லை.

லோகப்பிரியாவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டாக்டருக்கே போன் போட்டாள். மூச்சுக்குழாய்க்குள் நேராகப் போகிற மருந்து என்பதால் அளவு மிகக் கொஞ்சம், சொன்ன அளவில் எடுத்தால் பயமில்லை, திடுதிப்பென்று நிறுத்துவதுதான் ஆபத்து என்று அவர் சொன்னார். அதை அப்படியே புருஷனிடம் ஒப்பித்தாள். அதோடு விடாமல், டப்பாவை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், அவள் எண்ணிப் பார்ப்பாள் என்று சட்டமும் போட்டாள்.

வாரத்துக்குப் பதினாலு. ஞாயிறு காலையில் டைனிங் டேபிளில் காப்ஸ்யூல்களைக் கொட்டி இரண்டிரண்டாக நகர்த்தி எண்ணுவாள். ஒரு வாரம்கூடப் பிசகவில்லை. கிருபாசங்கர் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "சரியா இருக்குதுங்களா, ஆபீசரம்மா?" என்பார். சரியாகத்தான் இருந்தது. அவளுக்கு உள்ளூர ஒரு பெருமைகூட.

ஆனால் இழுப்பு நிற்கவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒன்று வாங்கிய நீலப் பம்பு மாதத்துக்கு ஒன்று என்றானது, பிறகு இரண்டானது. மறு செக்கப்புக்கு லோகப்பிரியாவும் கூடப் போனாள். மருந்தை ஒழுங்காக எடுக்கிறாரா என்று டாக்டர் கேட்டார். அவர் வாயைத் திறக்கும் முன்பே, ஒரு வேளை விடாமல் எடுக்கிறார், நானே எண்ணிப் பார்க்கிறேன் என்று லோகப்பிரியா சொன்னாள். டாக்டர் வீரியத்தைக் கூட்டினார். நாலு மாதம் கழித்துப் போனார்கள். அதே கேள்வி, அதே பதில். இன்னும் கூட்டினார். உள்ளே இன்னொரு மருந்தும் கலந்த காப்ஸ்யூலாக மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே கிருபாசங்கர் மூச்சு வாங்க பாத்ரூம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு தடவை வீரியம் கூட்டியும் குறையாத நோய் என்றால் அவளுக்குத் தெரிந்து ஒரே அர்த்தம்தான். எடுத்துத் தூர வீசுகிறார். பாலுசாமி பேச்சைக் கேட்டு, வாரம் பதினாலு காப்ஸ்யூலைக் கணக்காக எண்ணி மட்டைக் குவியலில் போட்டுவிட்டு, டப்பாவை மட்டும் நல்ல பிள்ளையாகக் கொண்டுவந்து நீட்டுகிறார். ஒரு சனிக்கிழமை அவர் லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஆபீஸ் ரூம் குப்பைக்கூடையையும் ஜன்னலுக்கு வெளியே நார்க் குப்பையையும் குச்சியால் கிளறிப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததும் சந்தேகத்தைத்தான் வளர்த்தது. எவ்வளவு சாமர்த்தியமாக மறைக்கிறார் பார் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் அக்ஷயா ஹாலில் படித்துக்கொண்டிருக்கும்போதே பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, நெசத்தைச் சொல்லுங்க. மருந்தை எங்கீங்க போடறீங்க?"

"எங்க போடறதா? எடுத்துட்டுத்தான அம்மணி இருக்கேன்."

"எடுத்தா ஏன் இப்புடி இழுக்குது? என்னைப் பார்த்தா கிறுக்கியாட்டத் தெரியுதுங்களா?"

அவர் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கே வந்து சத்தியம் பண்ணுகிறேன், ஒரு வேளைகூட விட்டதில்லை என்றார். அம்மனையே ஏமாற்றுகிற ஆள் என்று லோகப்பிரியா சொல்லிவிட்டாள். பொய்யன் என்றும் சொன்னாள். அக்ஷயா புஸ்தகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள். கிருபாசங்கர் செருப்பைப் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனவர், அடுத்த நாலு நாளும் என்ன வேண்டுமென்றாலும் மகளிடம்தான் கேட்டார்.

தை மாதம் பிறந்தது. ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு தோப்பில் சொந்தக்காரர் குழந்தைக்குக் காதுகுத்து. பந்தலுக்குப் பின்னாலேயே விறகடுப்பு மூட்டி மூன்று அண்டா ஏற்றியிருந்தார்கள். பனி விலகாத காலை, காற்றே இல்லை. புகை மேலே போகாமல் பந்தலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. கிருபாசங்கர் முதலில் இருமினார். எழுந்து தோப்போரம் போனார். லோகப்பிரியா அதைப் பார்த்துவிட்டும், வேண்டுமென்றே, நிற்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். அந்தக் கால் மணி நேரத்தை அவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

அக்ஷயாதான் ஓடி வந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் அவர் ஒரு தென்னை மரத்தில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நிற்கிறார். தோள் இரண்டும் காது வரை ஏறி இறங்குகிறது. பம்பு எங்கே என்று கேட்டாள். "வேற... சட்டை..." என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. உதடு சாம்பல் நிறத்துக்குப் போயிருந்தது.

பாலுசாமியின் காரில்தான் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோனார்கள். பாலுசாமி ஹாரனை அமுக்கிக்கொண்டே ஓட்டினார். ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க்கை மாட்டிப் புகை மருந்து கொடுத்தார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள். டியூட்டி டாக்டர் வெளியே வந்து, இன்னும் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் நிலைமை வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றார். லோகப்பிரியா பட்டுப்புடவையோடு நடைபாதைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதும் அவளுக்குள் அழுகையை விடக் கோபம்தான் முந்தியது. மருந்தை ஒழுங்காக எடுத்திருந்தால் இது நடக்குமா என்று அடுத்த நாற்காலியில் இருந்த பாலுசாமியிடம் சீறினாள். பாலுசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலை கிருபாசங்கர் இட்லி கேட்கிற அளவுக்குத் தேறிவிட்டார். பத்து மணிக்குச் சஃபியா என்று ஒரு நர்ஸ் வந்தாள். முப்பது வயதிருக்கும். இழுப்பு நோயாளிகள் வீட்டுக்குப் போகும் முன்பு அவர்களிடம் பேசுவது அவள் பொறுப்பு. ஃபைலைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு வீரியமான மருந்தை எடுத்துமா இப்படி வந்தது என்று ஆச்சரியப்பட்டாள்.

எடுத்தால்தானே என்று லோகப்பிரியா ஆரம்பித்தாள். சஃபியா அவளைக் கையமர்த்திவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, வீட்ல எப்படி எடுப்பீங்களோ அதே மாதிரி எனக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

மில் ஆபீஸ் ரூமிலிருந்து வரவழைத்த மருந்துப் பையை லோகப்பிரியா கட்டில் மேல் வைத்தாள். கிருபாசங்கர் டப்பாவைத் திறந்து ஒரு காப்ஸ்யூலை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பிறகு மனைவியைப் பார்த்து, "அம்மணி, அந்தத் தண்ணியைக் கொஞ்சம் குடு" என்றார்.

லோகப்பிரியாவும் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவர் காப்ஸ்யூலை நாக்கில் வைக்கப் போனபோதுதான் சஃபியா சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"முழுங்குவீங்களா?"

"ஆமாங்க. தண்ணி ஊத்தி முழுங்கறதுதான்."

"எத்தனை நாளா?"

அவர் யோசித்துப் பார்த்து, ஒன்றரை வருஷம் இருக்கும் என்றார். மெஷினில் போட்டு இழுத்தால் தொண்டை கமறியது. ஆள்கள் முன்னால் இருமிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. காப்ஸ்யூல் எப்படி இருந்தாலும் உடம்புக்குள் போகிற சாமான்தானே, எந்த வழியாகப் போனால் என்ன என்று முழுங்க ஆரம்பித்துவிட்டார். மெஷின் மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கிறது, வேண்டுமானால் கொண்டுவரச் சொல்கிறேன் என்றார். "உள்ளார போனாச் சரிதானுங்களே?" என்று சஃபியாவையே கேட்டார்.

சஃபியா சிரிக்கவில்லை. இப்படி மாதத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள் என்றாள். இந்த மருந்து வயிற்றுக்குப் போனால் நெஞ்சுக்கு வந்து சேராது, ஒன்றரை வருஷமாக மூச்சுக்குழாய்க்கு ஒரு பொடிகூடக் கிடைக்கவில்லை, டாக்டர் கூட்டிய வீரியமெல்லாம் வயிற்றோடு போயிருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னாள்.

லோகப்பிரியாவுக்கு அந்தக் கட்டிலைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. ஒன்றரை வருஷம். எழுபது ஞாயிற்றுக்கிழமைக்கு மேல். எவ்வளவு அக்கறையாக எண்ணினாள். அட்டையில் படம் போட்டிருந்ததே, படிக்கத் தெரியாதா என்று கத்த வாயெடுத்தாள். அதற்குள் வேறொன்று நெஞ்சில் இடித்தது. மில்லுக்குப் போவதற்கு நடுவில் ஒரு தோப்பு. ஒரே ஒரு நாள் காலையில் நடந்து போய், இழுங்கள் பார்க்கலாம் என்று பக்கத்தில் நின்றிருந்தால் போதும். குப்பையைக் கிளறப் போனவள் அதற்குப் போகவில்லை. டாக்டரிடமும் அவர் வாயைத் திறக்க விடாமல் இவளேதான் முந்திக்கொண்டு சொன்னாள்.

கிருபாசங்கர் தலையணையில் சாய்ந்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் வருத்தத்தை விட ஒரு ஜெயித்த களைதான் இருந்தது.

"நான் பொய் சொல்லலைன்னு இப்பவாச்சும் தெரிஞ்சுதா அம்மணி?"

செத்துப் பிழைத்த மனுஷனுக்கு இதுதான் பெரிதாகப் போய்விட்டது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் சஃபியா முன்னால் வைத்தே, "தெரிஞ்சுதுங்க. தப்பாப் பேசிப்போட்டேன்" என்றாள்.

சஃபியா புதிதாக ஒரு மெஷினை எடுத்துக் காட்டிக்கொடுத்தாள். காப்ஸ்யூலைப் போட்டுத் திருக வேண்டும். முதலில் மெஷினை விலக்கி மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். உதட்டால் இறுக்கிக் கவ்விக்கொண்டு ஒரே இழுப்பாக, பலமாக இழுக்க வேண்டும். பயந்து பயந்து மெதுவாக இழுத்தால்தான் பொடி தொண்டையிலேயே நின்று கமறும். இழுத்த பிறகு பத்து எண்ணும் வரை மூச்சை அடக்க வேண்டும். மெஷினைத் திறந்து பார்த்துப் பொடி மிச்சமிருந்தால் இன்னொரு தடவை இழுக்க வேண்டும். கடைசியில் தண்ணீர் விட்டு வாயையும் தொண்டையையும் கொப்பளிக்க வேண்டும். மூச்சு முட்டுகிற நேரத்தில் இதை நம்பக்கூடாது, அதற்கு நீலப் பம்புதான், அது எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். மூன்றாம் தடவை அவர் இருமாமல் இழுத்தார். கோயமுத்தூர் டாக்டருக்கு அங்கிருந்தே போன் போனது. நெஞ்சுக்கே போகாத மருந்தை நம்பிக் கூட்டிய வீரியத்தை அவர் உடனே குறைத்தார். இனி ஒழுங்காக இழுக்கும்போது அவ்வளவு தேவைப்படாது, தேவைக்கு மேல் எடுப்பதும் நல்லதில்லை என்றார்.

இதோடு முடிந்தது என்றுதான் லோகப்பிரியா நினைத்தாள். மெஷினை வீட்டுக்குக் கொண்டுவர வைத்தாள். காலையிலும் சாயங்காலமும் அவள் கண்ணெதிரே இழுத்தார். மூன்று வாரத்தில் மட்டைக் கட்டைத் தானே தூக்கி வண்டியில் போட ஆரம்பித்தார். ஐந்தாவது வாரம் குரல் கரகரத்தது. காரமாக எதைச் சாப்பிட்டாலும் நாக்கு எரிகிறது என்றார். டார்ச் அடித்துப் பார்த்தால் நாக்கிலும் அண்ணத்திலும் தயிர்ப் பொட்டு ஒட்டியது மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது.

பாலுசாமிக்கு எப்படியோ சேதி போய்விட்டது. நான் அன்றைக்கே சொன்னேனே என்று போனில் ஆரம்பித்தார். கிருபாசங்கரும் மெஷினைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார். முழுங்கிய காலத்தில் வாயாவது நன்றாக இருந்தது என்றார்.

லோகப்பிரியா இந்தத் தடவை கத்தவில்லை. மெஷினை எடுத்து மேஜையில் வைத்து, முதலிலிருந்து கடைசி வரை செய்து காட்டச் சொன்னாள். எல்லாம் சரியாகத்தான் செய்தார். வழக்கமாக அவள் இழுப்பதைப் பார்த்ததும் அடுப்படிக்குப் போய்விடுவாள். அன்று வாஷ்பேசின் வரை கூடவே போனாள். அவர் டம்ளரில் தண்ணீர் எடுத்தார், வாயில் விட்டார், அண்ணாந்து களகளவென்று கொப்பளித்தார். பிறகு ஒரு மடக்காக முழுங்கினார்.

"துப்பலைங்களா?"

"எதுக்குத் துப்பறது? வாய்க்குள்ளார ஒட்டியிருக்கறதும் மருந்துதான? அதையேன் வீணாக்கறது?"

லோகப்பிரியா வாஷ்பேசின் குழாயை இறுக்கி மூடினாள். இம்பெல்லர் என்றால் ஒரு சிவப்புக் கோடு போட்டு ஓரமாகத் தள்ளிவிடலாம். இந்த மனுஷனை எங்கே தள்ளுவது? அவர் முன்னாலேயே சஃபியாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். வாயில் தங்குகிற மருந்தால்தான் இந்த வெள்ளை படிகிறது, ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை கொப்பளித்துத் துப்பியாக வேண்டும், வெள்ளைக்கு டாக்டரிடம் காட்டி வாயில் தடவுகிற மருந்து வாங்கிக்கொள்ளலாம், அதற்காக இழுக்கிற மருந்தை நிறுத்தக் கூடாது என்று சஃபியா சொன்னாள். துப்பணும் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கிருபாசங்கர் முணுமுணுத்தார். கொப்பளித்தால் துப்புவார்கள் என்று நினைத்துவிட்டேன் அண்ணா என்றாள் சஃபியா.

பத்து நாளில் வாய் ஆறியது. குரலும் திரும்பியது. லோகப்பிரியா ஞாயிற்றுக்கிழமை எண்ணுவதை விட்டுவிட்டாள். தினமும் அவர் மருந்து இழுத்ததும் வாஷ்பேசின் பக்கத்தில் நின்றால் போதும் என்று கண்டுகொண்டாள். அவர் துப்புகிற சத்தம் கேட்ட பிறகுதான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புவாள். மாசியில் ஒரு தடவையும் பங்குனியில் ஒரு தடவையும் நீலப் பம்பு தேவைப்பட்டது. சித்திரையில் தேவைப்படவில்லை.

ஆனி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிணத்துக்கடவில் புகுந்து ஆட ஆரம்பித்தது. மில் களமெல்லாம் நார்த்தூசி பறந்தது. போன வருடம் இதே காற்றில் கிருபாசங்கர் மூன்று வாரம் வீட்டோடு கிடந்தார். இந்த வருடம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு களத்தில் நின்று லோடு ஏற்றினார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் லோகப்பிரியா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் மில்லில் இருக்கிறார் என்று நினைத்துத் தனக்கு மட்டும் காபி கலந்தாள். திரும்பினால் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருக்கிறார். டம்ளர் கையிலிருந்து நழுவிக் காபி புடவையெல்லாம் கொட்டியது.

முன்பெல்லாம் அவர் தோப்பைத் தாண்டும்போதே இருமல் இங்கே கேட்கும். இப்போது அந்த மனுஷன் வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை.

"ஏனுங்க, வந்தா ஒரு குரல் குடுத்தா ஆகாதுங்களா?" என்று எரிந்து விழுந்துவிட்டு, தரையைத் துடைக்கத் துணி தேடினாள். அவர் குனிந்து டம்ளரைப் பொறுக்கினார். பிறகு, தனக்கும் சேர்த்துக் கலக்கச் சொன்னார்.